பழைய வண்டிக்குச் சாவி கொடுத்தது யார்?

அத்தியாயம் 5

“திருடனுக்குன்னு ஒரு குறைந்தபட்ச மரியாதை இருக்கு மேடம்,” என்றான் குண்டூசி. “பூட்டை நாசம் பண்ணிட்டு வண்டியை அங்கேயே விட்டுட்டுப் போறவனைத் திருடன்னு சொன்னா, ஒழுங்கா தொழில் பண்றவங்க மனசு என்ன பாடுபடும்?”

மேடத்தின் தலை கார் ஜன்னலுக்குள் இருந்தது. மிச்சம் மட்டும் வெளியே இருந்தது. மிச்சத்துக்குப் பேசும் பழக்கம் இல்லை.

இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போலிக் கோரிக்கைகளைப் பிடித்துப் பிடித்துக் கிழித்துப் போட்டவர் மேடம். எரியாத கடை எரிந்தது, மூழ்காத சரக்கு மூழ்கியது என்று வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, அந்தத் தம்ளர் காலியாவதற்குள் உண்மையை வாங்கிவிடுவார் என்று பெயர். வேலையை விட்டதும் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். குண்டூசி அவருடைய உதவியாளன். துணிக்கடையில் பதினான்கு வருடம் சேலை விரித்துப் போட்டவன். யார் வாங்க வந்தவர், யார் மின்விசிறிக் காற்றுக்கு வந்தவர் என்று வாசலிலேயே தரம் பிரிக்கத் தெரியும். ஒல்லி உடம்பால் அந்தப் பெயர் வந்தது என்று நினைப்பவர்கள், அவன் வாயைத் திறக்கும்வரை அப்படி நினைத்துக்கொள்ளலாம்.

ஷெட்டில் நின்றிருந்தது அறுபது வயதுக் கறுப்பு வண்டி. அதன் சொந்தக்காரர், பெரிய ஜவுளி முதலாளி, மனைவியின் பிறந்தநாளை மறந்தாலும் வண்டியின் பிறந்தநாளை மறக்காதவர். மூன்று நாள் வெளியூர் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பினார். வண்டியின் இக்னிஷன் பூட்டு ஆடிப்போய்க் கிடந்தது. வெள்ளி, சனி இரண்டு நாளும் டிரைவர் லீவு. இந்த வண்டியை விலைக்குக் கேட்டு ஒருவர் நாய் மாதிரிச் சுற்றுகிறார் என்பதும் முதலாளிக்குத் தெரியும். இரண்டையும் கூட்டினார். டிரைவர் அந்த ஆளோடு சேர்ந்து வண்டியைக் கடத்தப் பார்த்தான் என்று விடை வந்தது. இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியவரின் குடும்பத்தை, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அறையிலிருந்து அன்றைக்கே வெளியே வைத்தாயிற்று. திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து புகார் வாங்கிக்கொள்வார்.

மேடத்தைக் கூப்பிட்டது உண்மை தெரிந்துகொள்ள அல்ல. புகாரோடு சேர்த்துக் குத்த ஒரு ரிப்போர்ட் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றுதான். முடிவைத் தாங்களே தைத்து வைத்துக்கொண்டு, மேலே ஒரு விசாரணையை ஜரிகையாக ஒட்டித் தரச் சொல்லும் வாடிக்கையாளர்கள் உலகத்தில் உண்டு.

இப்போது மணி பத்தரை.

ஷெட் வாசலில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு பீரோ, ஒரு தையல் மெஷின், இரண்டு பாத்திர மூட்டை. மெஷின் ஸ்டூலில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். டிரைவர் தூணோடு தூணாக நின்றார். திருட்டு கேஸ் ஒன்று பேரில் விழுந்தால் அப்புறம் தள்ளுவண்டிகூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

“பூட்டைக் கழட்டியாச்சா?” மேடம் கேட்டார்.

“நான் எங்கே கழட்டினேன்? தொட்டேன், கையில வந்து விழுந்துடுச்சு.” பதில் வண்டிக்கு உள்ளே, கிளட்ச், பிரேக் மிதிகள் இருக்கும் இடத்திலிருந்து வந்தது. பிறகு இரண்டு கால்கள் வந்தன. கடைசியாக மெக்கானிக்கின் தலை வந்தது. சீட்டில் ஒரு துணியை விரித்து, கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளை உருளையை வைத்தார்.

“முகத்தைப் பாருங்க. கீறல் இருக்கா? ஸ்க்ரூ டிரைவர் விட்டுத் திருகியிருந்தா வாய் கிழிஞ்சிருக்கும். உள்ளே அஞ்சு தகடு. கள்ளச்சாவி போட்டு ஆட்டியிருந்தா ரெண்டாவது ஒடிஞ்சிருக்கும். அஞ்சும் முழுசா இருக்கு.”

“அப்படின்னா?”

“போட்டது சரியான சாவிதான்.”

தூணருகே ஒரு பெருமூச்சு கேட்டது. இந்த வண்டிக்கு இருப்பதே இரண்டு சாவி. ஒன்று டிரைவரின் சட்டைப்பையில். மற்றொன்று முதலாளியம்மாவின் பீரோவில்.

குண்டூசி குரலைத் தாழ்த்தினான். “மேடம், நாம கண்டுபிடிச்ச முதல் துப்பே எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டுடுச்சு. ரெண்டாவதைத் தேடாம இப்படியே கிளம்பிடலாமா?”

“சும்மா இரு.”

“இன்னொண்ணு,” என்றார் மெக்கானிக். “வண்டியில பாட்டரியே கிடையாது. லீவுக்குக் கிளம்புறப்ப டிரைவர்தான் கழட்டிக் கொண்டுவந்து என் கடையில சார்ஜுக்குப் போட்டுட்டுப் போனாரு. சனிக்கிழமை காலையில அதைத் திரும்ப மாட்டத்தான் நான் வந்தேன். வந்து பார்த்தா பூட்டு இந்த லட்சணத்துல இருக்கு.”

“பாட்டரியைக் கழட்டிக் கொடுத்துட்டு, அதே வண்டியைக் கிளப்பிட்டுப் போக வந்திருக்காரு,” என்றான் குண்டூசி. “உடம்புக்கு நல்லதுன்னு தள்ளிட்டே போக நினைச்சிருப்பாரோ? இதை முதலாளிகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். ‘நீயும் கூட்டா’ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் பாட்டரின்னு ஒரு பொருள் இருக்கிறதையே நான் மறந்துட்டேன்.”

மேடம் டார்ச்சை வாங்கி டேஷ்போர்டின் ஓட்டைக்குள் அடித்தார். பூட்டின் பின்னால் போகும் நான்கு ஒயர்களும் தனித்தனியாகத் தொங்கவில்லை. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட சடை மாதிரி இறுக்கமாக இருந்தன.

“இது இப்படித்தான் இருக்குமா?”

“எந்த வண்டியிலயும் இருக்காது.” மெக்கானிக் உருளையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “சாவியைக் கால் சுத்து திருப்பினா போதும். அதுக்கு மேல போகாம இங்கே ஒரு முளை தடுக்கும். யாரோ விடாம முறுக்கி முளையை ஒடிச்சிருக்காங்க. அப்புறம் பின்னாடி நட்டும் கழண்டுடுச்சு. அதுக்கப்புறம் சாவியோட சேர்ந்து முழுப் பூட்டும் சுத்தியிருக்கு. பூட்டு சுத்தினா ஒயரும் சுத்தும்தானே.”

“பிரிங்க. ஒவ்வொரு சுத்தா எண்ணிட்டே பிரிங்க.”

மெக்கானிக் பிரித்தார். மேடம் விரல் மடக்கினார். குண்டூசி சத்தமாக எண்ணினான். பிறர் வேலை செய்யும்போது எண்ணிக்கொண்டிருப்பது அவனுக்குப் பிடித்த உழைப்பு. பதினொன்றில் ஒயர்கள் நேராகின.

“பதினொண்ணு,” என்றார் மேடம். “வண்டியைக் கிளப்புறவன் கால் சுத்து திருப்புவான். கிளம்பலைன்னு ஆத்திரம் வந்தா அரைச் சுத்து திருப்புவான். பதினொரு சுத்து யார் திருப்புவா?”

“பைத்தியக்காரன்.”

“பைத்தியக்காரன் ஒயர் அறுந்து விழற வரைக்கும் நிறுத்த மாட்டான். இந்த ஆள் பதினொண்ணுல நிறுத்தியிருக்கான். இத்தனை போதும்னு அவனுக்கு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க.”

மேடத்தின் கண் மேலே போனது. சாவித்துளைக்கு நேர் மேலே டேஷ்போர்டில் வட்டமாக ஒரு சின்னக் கடிகாரம். நாலு இருபதில் நின்றிருந்தது.

“இது ஓடாதா?”

“ஓடும். பாட்டரி போட்டா ஓடும்.”

மேடம் டிரைவரைப் பக்கத்தில் கூப்பிட்டார். “லீவுல இருக்கிறப்ப இந்த வீட்டுக்குப் போன் பண்ணினீங்களா?”

“வெள்ளிக்கிழமை காலையில ஒரு தடவை பண்ணினேன்மா. அம்மாதான் எடுத்தாங்க.”

“என்ன சொன்னீங்க? வார்த்தை மாறாம சொல்லுங்க.”

டிரைவர் நெற்றியைச் சுருக்கினார். “‘அம்மா, பழைய வண்டி சாவி கொடுக்கணும், மறந்துடாதீங்க’ன்னேன். நாளைக்கு மெக்கானிக் வருவாருன்னும் சொல்ல வந்தேன். அதுக்குள்ள பஸ் கிளம்பிடுச்சு, ஓடிப்போய் ஏறிட்டேன். அவருதான் எப்படியும் வருவாரே, வந்தா தெரிஞ்சுட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்.”

மேடம் அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒரு தரம் உருட்டிப் பார்த்தார். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் குண்டூசிக்குக் காது கூசியது. சுவர் முழுக்கக் கடிகாரம். ஆளுயரத்தில் ஒன்று, அரை உயரத்தில் மூன்று, தட்டு அளவில் ஏழெட்டு. எல்லாம் பழையவை, எல்லாம் சாவி கொடுத்து ஓடுபவை. ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய நேரத்தைக் காட்டியது. இத்தனை கடிகாரம் இருக்கும் வீட்டில் மணி என்ன என்று கேட்டால் கைபேசியைத்தான் பார்க்க வேண்டும் போலிருந்தது.

“அவருக்கு வண்டிக்கு அடுத்தபடியா இதுதான் உசுரு,” என்றார் முதலாளியம்மா. மூன்றாவது இடத்தில் யார் என்று அவர் சொல்லவில்லை, குண்டூசியும் கேட்கவில்லை. “வெள்ளிக்கிழமை வந்தா எல்லாத்துக்கும் சாவி கொடுக்கணும். எதுக்கு எத்தனை சுத்துன்னு கணக்கு இருக்கு. கூடினாலும் கத்துவாரு, குறைஞ்சாலும் கத்துவாரு. அதனாலதான் எழுதி வெச்சிருக்கேன்.”

சமையலறைக்குப் போகும் வழியில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு ஆணி. குண்டூசி சாக்பீஸ் எழுத்தைச் சத்தமாகப் படித்தான்.

“‘வெள்ளிக்கிழமை சாவி கொடுக்க வேண்டியவை. ஹால் பெரியது, பதினாலு. ஹால் சின்னது எல்லாம், ஏழு. சாப்பாட்டு அறை, ஒன்பது. மாடிப்படி, பதினொண்ணு. பழைய வண்டி...’”

அவன் நிறுத்தினான். பழைய வண்டிக்கு எதிரே எண் எதுவும் இல்லை.

“இது என்னம்மா, கடைசியில?” மேடம் கேட்டார்.

“டிரைவர் போன் பண்ணி சொன்னாரே, பழைய வண்டி சாவி கொடுக்கணும்னு. யார்கிட்ட, எப்போன்னு சொல்லல. சரி, யாராவது கேட்டு வருவாங்கன்னு மறக்காம இருக்க எழுதிட்டேன்.”

“அதை ஏன் இந்தப் பட்டியல்ல எழுதினீங்க?”

“மேலே தலைப்பே ‘சாவி கொடுக்க வேண்டியவை’தானே? அதையே கீழே இன்னொரு தடவை எழுதணுமா? சாக்பீஸ் என்ன சும்மாவா வருது?” வியாபாரி வீட்டுச் சிக்கனம் அவர் குரலில் நிமிர்ந்து நின்றது. “பீரோவிலிருந்து சாவியையும் எடுத்து இந்த ஆணியில மாட்டி வெச்சேன். சனிக்கிழமை மெக்கானிக் வந்தாரு, எடுத்துக் கொடுத்தேன். நான் எதையும் மறக்கலையே?”

“நீங்க ஒண்ணும் மறக்கலை. ஐயா ஊர்ல இல்லாத வெள்ளிக்கிழமை கடிகாரத்துக்கெல்லாம் யார் சாவி கொடுத்தது?”

“மாப்பிள்ளைதான்.” முதலாளியம்மாவின் முகம் மலர்ந்தது. “மாமா இல்லைன்னா என்ன, நான் பார்த்துக்கறேன்னு அவரே பலகையைப் பார்த்து ஒண்ணு விடாம செஞ்சாரு.”

குண்டூசியின் வாய் திறந்தது. மேடம் அவன் காலை மிதித்தார். துணிக்கடை நாளிலிருந்து அவன் பேசாமல் விட்ட முதல் சந்தர்ப்பம் அது.

ஹாலில் முதலாளி நடந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்திருந்தார். பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் அவர். அது எந்த வருடத்துப் பத்து நாள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளையைக் கேட்க முடியுமா?

“ரிப்போர்ட் ரெடியா?” என்றார் முதலாளி.

“இன்னும் எதுக்கு மாமா இழுக்கறாங்க?” என்றார் மாப்பிள்ளை. “போலீஸ் ரெண்டு தட்டு தட்டினா டிரைவர் தானா சொல்லிடுவான். இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் வீட்டோட வெச்சுக்கறதே தப்பு.”

“முடிஞ்ச மாதிரிதான்,” என்றார் மேடம். உட்கார்ந்து, பையைத் திறந்து, பேனாவைத் தேடினார். தேடிக்கொண்டே, துணி விலை விசாரிப்பவர் மாதிரி அலுப்பாக, “அந்தப் பழைய வண்டிக் கடிகாரம் நின்னு போச்சு போலிருக்கே. அதுக்கு எத்தனை சுத்து சாவி கொடுக்கணும்?” என்றார்.

“பதினொண்ணு கொடுத்தேன், ஓடலைங்க,” என்றார் மாப்பிள்ளை.

அந்த ஹாலில் அத்தனை கடிகாரம் ஓடுவதை எல்லோரும் முதல் தடவையாகக் கேட்டார்கள்.

குண்டூசிக்கு மட்டும் பேச்சு திரும்பியது. “பலகையில வண்டிக்கு நேரே எண் எதுவும் இல்லையே. மேல் வரியில இருந்ததையே கொடுத்துட்டீங்களா?”

“இல்ல... அது...” மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சோபாவில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. “பலகையில பழைய வண்டின்னு போட்டிருந்துச்சு. ஆணியில சாவி மாட்டியிருந்துச்சு. உள்ளே போய்ப் பார்த்தா ஒரு கடிகாரம், நேர் கீழே ஒரு துளை. மத்த கடிகாரம் எல்லாம் அப்படித்தானே இருக்கு? கொஞ்சம் டைட்டா இருந்துச்சு. பழசாச்சே, துரு பிடிச்சிருக்கும்னு நினைச்சேன். ஒரு தடவை ‘டக்’குனு சத்தம் வந்துச்சு. அப்புறம் ரொம்ப ஈஸியா சுத்துச்சு.”

“ஈஸியா சுத்தாம என்ன?” என்றான் குண்டூசி. “அது ஒடிஞ்ச சத்தம்.”

மேடம் முதலாளி பக்கம் திரும்பினார். “டிரைவர் சொன்னது, சாவியை எடுத்து ஆள் கையில கொடுக்கணும்னு. மாப்பிள்ளை படிச்சது, கடிகாரத்துக்குக் கொடுக்கற மாதிரி வண்டிக்குச் சாவி கொடுக்கணும்னு. ‘சாவியை’ன்னு ஒரு ‘ஐ’ சேர்த்திருந்தா உங்க பூட்டு முழுசா இருந்திருக்கும். ஒரே ஒரு எழுத்து. அதுக்காக ஒரு குடும்பம் கட்டில் பீரோவோட வாசல்ல நிக்குது.”

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்தப் பார்வைக்குப் பொசுங்கியிருப்பார்கள். ஆனால் மாப்பிள்ளையாயிற்றே; பார்வை பாதி வழியில் ஆறிப்போனது. முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேரம் படியாத சரக்கை வேறு ரகமாகக் காட்டும் குரலில் ஆரம்பித்தார்.

“நடந்தது நடந்துபோச்சு. ரிப்போர்ட்ல எலி கடிச்சிடுச்சுன்னு எழுதிடுங்க.”

“எலி பதினொரு சுத்து சுத்தாது முதலாளி,” என்றான் குண்டூசி. “ஒன்பதுலயே அதுக்குத் தலை சுத்திடும்.”

“அப்படின்னா தானா தேஞ்சு போச்சுன்னு போடுங்க. டிரைவரைக் கூப்பிட்டு, இந்த ஒரு தடவை மன்னிச்சாச்சு, போய் வேலையைப் பாருன்னு நானே சொல்லிடறேன். எல்லாருக்கும் கௌரவமா போயிடும்.”

“எதை மன்னிக்கறீங்க?” மேடம் பேனாவை மூடினார். “அவர் ஒண்ணும் செய்யலையே.”

“மேடம், அவர் என் வீட்டு மாப்பிள்ளை. வெளியே தெரிஞ்சா...”

“பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. வரச்சொன்னது நீங்க. எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு அவர் கேட்பாரு. டிரைவர் பேரு அவர் காதுல ஏற்கெனவே விழுந்தாச்சு. அந்தப் பேரை நீங்களே தொடச்சு எடுக்கலைன்னா, தொடைக்கிற வேலையை நான் செய்யணும். நான் செஞ்சா பதினொரு சுத்தும் ஒண்ணு விடாம வரும்.”

முதலாளி வாசல் பக்கம் திரும்பினார். டிரைவர் அங்கே நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டிருந்தார்.

“வாப்பா,” என்றார் முதலாளி, கடையில் பழைய வாடிக்கையாளரைக் கண்டது மாதிரி. “ஏதோ ஒரு குழப்பம். இனிமே நீ சாவின்னு சொல்றப்ப கொஞ்சம் விளக்கமா சொல்லணும். சரி, போ. சாமானை எல்லாம் எடுத்து உள்ளே வெச்சுக்கோ.”

டிரைவர் நகரவில்லை.

“என்னப்பா?”

“நான் வெளியே வெக்கலைங்க ஐயா.” குரல் உயரவில்லை. “நேத்து தெருவுல அத்தனை பேர் பார்க்க, வாட்ச்மேனை விட்டுத் தூக்கி வெச்சாங்க. என் வீட்டுக்காரி ராத்திரி பூரா அந்தத் தையல் மெஷின் மேல தலை வெச்சுத் தூங்கியிருக்கா. வெச்சவங்கதான் உள்ளே வெக்கணும். இல்லைன்னா நாங்க இப்படியே கிளம்பறோம். மேடம் என் பேரைத் தொடச்சிட்டாங்க, அது போதும். வண்டி எங்கயும் ஓட்டிக்கலாம்.”

“யார் வெச்சது, வாட்ச்மேன்தானே? அவனையே கூப்பிடு...”

“வெக்கச் சொன்னது யாருங்க?” என்றார் டிரைவர்.

முதலாளி வாயைத் திறந்தார். அதற்குள் முதலாளியம்மா சமையலறை வழியிலிருந்து வந்தார். கையில் பலகை துடைக்கும் துணி இருந்தது. கடைசி வரியை அழித்துவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“எழுதினது நான். பாத்திர மூட்டையை நான் தூக்கறேன்,” என்றார். “நீங்க பீரோவைப் பிடிங்க. மாப்பிள்ளை, எழுந்திருங்க. நீங்க அந்தப் பக்கம் பிடிங்க.”

“அத்தை, எனக்கு முதுகு...”

“பதினொரு சுத்து சுத்தறப்ப முதுகு நல்லாத்தானே இருந்துச்சு? எழுந்திருங்க.”

அந்த வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்து இரண்டு தடவை ‘எழுந்திருங்க’ என்று சொல்லப்பட்டது அன்றுதான். சோபா மெதுவாக மூச்சு விட்டு, தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்த்தது; முடியவில்லை.

ஷெட்டில் மெக்கானிக் உருளையில் புது முளையைப் பற்றவைத்து முடித்திருந்தார். ஒயர்களை நேராக்கிப் பூட்டி, நட்டை முறுக்கி, பாட்டரியை மாட்டினார். சாவியை டிரைவர் கையில் கொடுத்தார். டிரைவர் கால் சுத்து திருப்பினார். வண்டி ஒரு தடவை இருமியது, பிறகு பெரிய மனுஷன் கனைப்பது மாதிரி கனைத்து ஓட ஆரம்பித்தது. அவர் அதை ஓடவிட்டுவிட்டு இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கிப் பார்த்தார். ஊரில் பாதிப் பேருக்குத் துணி விற்கும் முதலாளி வேர்த்து விறுவிறுத்து, பீரோவின் ஒரு பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். மறு பக்கத்தில் மாப்பிள்ளையின் கால்கள் மட்டும் தெரிந்தன.

“என்ன சார், வீடு மாத்தறீங்களா? ஏதோ கம்ப்ளெய்ன்ட்னு சொன்னீங்களே?”

“ஒண்ணுமில்ல சார்.” முதலாளிக்கு மூச்சு வாங்கியது. “எங்க டிரைவர் மேல தப்பில்ல. தப்பு எங்க வீட்டுல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

இன்ஸ்பெக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் குண்டூசியைப் பார்த்தார். குண்டூசி வானத்தைப் பார்த்தான். அப்படிப் பார்ப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று மேடத்துக்கு மட்டும்தான் தெரியும்.

அறைக்குள்ளிருந்து டிரைவரின் மனைவியின் குரல் வந்தது, நிதானமாக.

“மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. நிலை இடிக்குது. பீரோ கதவுல கண்ணாடி இருக்கு, பார்த்து.”